பதினேழு போதும், எழுபத்தேழு போதாது

நாளிதழில் ராசிபலனுக்குப் பக்கத்தில் தினமும் வந்து உட்கார்ந்திருக்கும் 81 கட்டங்களைப் பற்றி நாம் பேசிக்கொள்வதில் பாதி தவறு. சுடோகு போடுகிறவர்களின் நம்பிக்கைகளிலும் பிழை உண்டு, ஒதுங்கிப் போகிறவர்கள் சொல்லும் காரணத்திலும் பிழை உண்டு. ஒதுங்குகிறவர்களிடமிருந்தே ஆரம்பிப்போம்.

நம்பிக்கை: கணக்கு வராதவர்களுக்குச் சுடோகு வராது.

பூஜையறையில் போடும் குபேர கோலத்தைப் பாருங்கள். ஒன்பது கட்டங்கள், 20 முதல் 28 வரை எண்கள். குறுக்கே, நெடுக்கே, மூலைக்கு மூலை எப்படிக் கூட்டினாலும் 72. நடுவில் இருக்கும் 24-ஐ அழித்துவிட்டு 30 எழுதினால் கோலம் கெட்டது. அங்கே எண்ணின் மதிப்புதான் எல்லாம். சுடோகுவில் மதிப்புக்கு வேலையே இல்லை: ஒவ்வொரு குறுக்கு வரிசையிலும் நெடுக்கு வரிசையிலும் 3×3 பெட்டியிலும் ஒன்பது எண்களும் ஒவ்வொரு முறை வந்தால் போதும். 1 உள்ள இடமெல்லாம் 7, 7 உள்ள இடமெல்லாம் 1 என்று மாற்றி எழுதுங்கள். புதிர் அப்படியேதான் இருக்கும். ஒன்பது பழங்களை வரைந்து வைத்தாலும் ஆட்டம் நடக்கும். எண்களை வைத்ததற்குக் காரணம் வசதி: ஒன்றிலிருந்து ஒன்பது வரை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தால் விடுபட்டது எது என்று சட்டென்று தெரிந்துவிடும்.

கூட்டல் கழித்தல் இல்லை என்பதால் கணிதமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. இருக்கிற கணிதம் வேறு வகை. அதற்கு வருகிறேன்.

நம்பிக்கை: ஜப்பான்காரர்கள் கண்டுபிடித்தது.

பெயரும் புகழும் ஜப்பானில் கிடைத்தவை. புதிர் பிறந்தது அமெரிக்காவில். இந்தியானா மாநிலத்தைச் சேர்ந்த ஹோவர்ட் கார்ன்ஸ் என்ற ஓய்வுபெற்ற கட்டடக் கலைஞர் தம் 74-வது வயதில் இதை அமைத்தார். 1979 மே மாதம் டெல் நிறுவனத்தின் புதிர் இதழில் அவர் பெயர் இல்லாமலேயே வெளியானது. 1984-இல் ஜப்பானின் நிக்கோலி நிறுவனம் அதை எடுத்துக்கொண்டு, பின்னர் இன்றைய பெயரைச் சூட்டியது. ஹாங்காங்கில் நீதிபதியாக இருந்து ஓய்வுபெற்ற நியூசிலாந்துக்காரர் வெய்ன் கூல்ட் 1997-இல் டோக்கியோ புத்தகக் கடையொன்றில் அதைப் பார்த்தார். புதிர்களை உருவாக்கும் கணினி நிரலை எழுத அவருக்கு ஆறு ஆண்டுகள் பிடித்தன. 2004 நவம்பர் 12 அன்று லண்டன் டைம்ஸில் முதல் புதிர் வந்தது. அடுத்த ஆண்டே உலகம் முழுக்கப் பரவிவிட்டது. கார்ன்ஸ் 1989-லேயே இறந்துபோயிருந்தார்.

இதன் முன்னோடியான லத்தீன் சதுரத்தை, அதாவது எந்த வரிசையிலும் எதுவும் இரண்டாம் முறை வராத சதுரத்தை, 18-ஆம் நூற்றாண்டில் கணித மேதை ஆய்லர் ஆராய்ந்திருக்கிறார். அது தொடர்பாக அவர் முன்வைத்த ஒரு கணிப்பை 1959-இல் உடைத்த மூவரில் ஆர்.சி.போஸும் எஸ்.எஸ்.ஸ்ரீகண்டேவும் இந்தியர்கள். பெட்டிகளாகப் பிரிக்கும் யோசனையும் புதிர் இதழுக்கு முந்தையது. 1956-இல் பெஹ்ரன்ஸ் என்ற ஜெர்மானியர், வயலின் ஒரு பக்கம் வளமாகவும் இன்னொரு பக்கம் வறண்டும் இருந்தாலும் விளைச்சல் சோதனை பாரபட்சமில்லாமல் நடக்க இப்படி ஓர் அமைப்பைப் பரிந்துரைத்தார்.

நம்பிக்கை: கொடுத்த எண்கள் அதிகமென்றால் புதிர் சுலபம்; குறைந்தால் கடினம்.

கிட்டத்தட்ட எல்லோரும் நம்புவது இது. புதிரைப் பார்த்ததும் நிரம்பிய கட்டங்களை எண்ணிவிட்டு "இன்றைக்குக் கஷ்டம்" என்று முடிவுகட்டுகிறவர்கள் நிறையப் பேர்.

நிரப்பி முடித்த ஒரு சுடோகுவை எடுத்துக்கொள்ளுங்கள். நான்காவது குறுக்கு வரிசையில் இரண்டாவது கட்டத்தில் 3, ஏழாவது கட்டத்தில் 8. அதற்கு நேர் கீழே ஐந்தாவது வரிசையில் அதே இடங்களில் 8, 3. இந்த நான்கையும் மட்டும் அழித்துவிடுங்கள். மீதி 77 எண்கள் அச்சில் இருக்கின்றன. இப்போது நிரப்பப் பாருங்கள். மேலே 3, 8, கீழே 8, 3 என்றும் போடலாம். மேலே 8, 3, கீழே 3, 8 என்றும் போடலாம். குறுக்கு வரிசை, நெடுக்கு வரிசை, 3×3 பெட்டி எதிலும் தவறு வராது. 81-இல் 77 கொடுத்தும் புதிருக்கு ஒரே விடை இல்லை! நான்கில் ஏதாவது ஒன்றைக் கொடுத்திருந்தால் மற்ற மூன்றும் தாமாக விழுந்திருக்கும்.

இன்னொரு பக்கம், வெறும் 17 எண்களோடு ஒரே விடை கொண்ட புதிர்கள் இருக்கின்றன. ஆஸ்திரேலியக் கணிதப் பேராசிரியர் கார்டன் ராய்ல் அப்படிப்பட்டவற்றை 49,000-க்கும் மேல் சேகரித்து வைத்தார். 16 எண்களில் ஒன்றுகூடச் சிக்கவில்லை. சிக்கவே சிக்காது என்பதை நிரூபித்தது டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியின் கேரி மெக்குவயர் குழு. மேலே பார்த்த நான்கு கட்டங்களைப் போல, இடம் மாற்றினாலும் பிழை தெரியாத கூட்டங்கள் ஒவ்வொரு சுடோகுவிலும் ஏராளம். ஒவ்வொரு கூட்டத்திலிருந்தும் ஓர் எண்ணாவது கொடுக்கப்பட்டிருக்க வேண்டும். 16 எண்களால் எல்லாக் கூட்டங்களையும் தொட முடியுமா என்று கணினிகள் தேடின. ஒரே செயலியை விட்டிருந்தால் 800 ஆண்டுகள் ஓடியிருக்கும். 2012 தொடக்கத்தில் விடை வந்தது: முடியாது.

17 எண் புதிர்கள் எல்லாம் பூதங்களா? அதுவும் இல்லை. அவற்றில் பலவற்றை ஆரம்பப் பாடம் தெரிந்தவரே முடித்துவிடுவார். 24, 25 எண்கள் கொடுத்தும் மண்டையை உடைக்கும் புதிர்கள் உண்டு. எத்தனை எண்கள் என்பதைவிட அவை எங்கே உட்கார்ந்திருக்கின்றன என்பதே கடினத்தைத் தீர்மானிக்கிறது.

நம்பிக்கை: கடினமான புதிரில் ஊகம் செய்துதான் ஆக வேண்டும்.

ஒரு வரிசையில் இரண்டு கட்டங்கள். இரண்டிலும் 4 அல்லது 9 மட்டுமே வர முடியும் என்று கண்டுபிடித்துவிட்டீர்கள். எதில் எது? தெரியாது. ஆனால் அந்த வரிசையில் வேறெங்கும் 4-ம் 9-ம் வராது என்பது உறுதி. முழுதாகத் தெரியாத ஒன்றிலிருந்து உறுதியான ஒன்றைப் பெறுவதுதான் இந்த ஆட்டத்தின் ருசி. என்னைக் கேட்டால் கணிதத்தின் ருசியும் அதுவே.

"இங்கே 5 போட்டுப் பார்க்கிறேன்" என்று போட்டு, அது சரியாக வந்ததும் நிறுத்திக்கொண்டால் ஊகம். 5 போட்டால் முரண்பாடு வருகிறது, ஆகவே இங்கே 5 வராது என்று அழித்தால் அது நிரூபணம். பள்ளியில் இரண்டின் வர்க்கமூலம் விகிதமுறா எண் என்று காட்டிய அதே வழி.

நம்பிக்கை: எத்தனை சுடோகுதான் இருக்க முடியும், ஒருநாள் தீர்ந்துவிடும்.

நிரம்பிய சுடோகுகளின் எண்ணிக்கை 6,670,903,752,021,072,936,960. இதை 2005-இல் பெல்கன்ஹவர், ஜார்விஸ் என்ற இருவர் கணக்கிட்டார்கள். சுழற்றியும் எண்களையும் வரிசைகளையும் இடம் மாற்றியும் கிடைக்கும் இரட்டைப் பிறவிகளை ஒன்றாகவே எண்ணினால் 547 கோடிச் சொச்சம். உலக மக்களுக்கு ஆளுக்கொன்று கொடுக்கக்கூடப் போதாதுதான். ஆனால் ஒவ்வொன்றிலிருந்தும் உருவாக்கக்கூடிய புதிர்கள் கணக்கில் அடங்காதவை. நாளிதழ் ஆசிரியர்கள் நிம்மதியாகத் தூங்கலாம்.

நம்பிக்கை: தினமும் ஒன்று போட்டால் மறதி நோய் அண்டாது.

புத்தக அட்டைகள் இதைச் சொல்லித்தான் விற்கின்றன. ஸ்காட்லாந்தின் அபர்டீனில், 1936-இல் பிறந்த 498 பேரை வைத்து நடந்த ஆய்வு 2018 டிசம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. வாழ்நாள் முழுக்க மூளைக்கு வேலை கொடுத்தவர்கள் முதுமையைச் சற்று உயரமான இடத்திலிருந்து தொடங்கினார்கள். அங்கிருந்து இறங்கும் வேகத்தில் மற்றவர்களிலிருந்து வித்தியாசம் இல்லை. ஆகவே வீட்டில் பெரியவர்களுக்கு ஞாபகமறதி தொந்தரவு கொடுத்தால் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். சுடோகு பிடிக்காத தாத்தாவின் கையில் "மூளைக்கு நல்லது" என்று பென்சிலைத் திணிக்காதீர்கள்.