எழுத்து வேறு, ஒலி வேறு
வணிகர்களுக்கான ஆங்கில ஒலிப் பாடம்

வெளிமாநில மொத்த வியாபாரியிடம் தொலைபேசியில் சரக்கு கேட்கும்போது, எண்ணிக்கையைப் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் சொல்கிறோம். நாம் சொன்ன 'ஃபிஃப்டீன்' அவர் காதில் 'ஃபிஃப்டி' என விழுந்தால், 15 மூட்டைக்குப் பதில் 50 மூட்டை வந்து இறங்கும். லாரி வாடகையும் முடங்கும் முதலும் நம் தலையில்தான். எனவே ஆங்கில ஒலிகளின் அடிப்படையை நாமும் தெரிந்துகொள்வது நல்லது.

ஆங்கில எழுத்துகள் 26. ஆனால் பிரிட்டிஷ் ஆங்கிலப் பொது வழக்கில் ஒலிகள் சுமார் 44. உயிரொலி 20, மெய்யொலி 24. எந்த ஒலியை மாற்றினால் சொல்லின் பொருளே மாறுமோ, அதை 'ஒலியன்' என்பர்.

'பருப்பு' என்பதன் முதல் எழுத்தையும் 'கம்பு' என்பதன் கடைசி எழுத்தையும் சொல்லிப் பாருங்கள். இரண்டும் பகர வரிசைதான், ஒலி வேறு. தமிழில் இது இடத்தைப் பொறுத்து மாறுவது, பொருளை மாற்றாது. ஆங்கிலத்திலோ மாற்றும். 'பில்' என்று நாம் எழுதினால் ரசீதும் அதுவே, மாத்திரையும் அதுவே. ஆங்கிலத்தில் அவை இரு வேறு சொற்கள்.

தொண்டையில் விரல் வைத்துப் பாம்பு போல் சீறுங்கள், அதிர்வு இராது. வண்டு போல் ரீங்காரமிடுங்கள், அதிரும். அரிசி என்னும் 'ரைஸ்' சீறலில் முடியும். ஏற்றம் என்னும் 'ரைஸ்' ரீங்காரத்தில் முடியும். விலைக்கும் பரிசுக்கும் உரிய 'பிரைஸ்' என்ற சொற்களிலும் இதே வேறுபாடுதான்.

எண்களில் அழுத்தம் முக்கியம். 13 முதல் 19 வரை 'டீன்' என்பதை நீட்டி அழுத்த வேண்டும். 30, 40, 50 போன்றவற்றில் முதல் அசையை அழுத்தி, 'டி' என்பதைக் குறுக்கிச் சொல்ல வேண்டும்.

ஆங்கில எழுத்துகளின் பெயரிலும் குழப்பம் உண்டு. பி, டி என்று தொடங்கி எட்டு எழுத்துகளின் பெயர்கள் 'ஈ' ஓசையிலேயே முடிகின்றன. விமானப் போக்குவரத்தில் இதைத் தவிர்க்கவே, 1956 முதல் எழுத்துக்கு ஒரு சொல் என வைத்துள்ளனர்: பிராவோ, பாப்பா, டெல்டா, டேங்கோ என்பன அவற்றுள் சில. 15 இடங்கள் கொண்ட ஜி.எஸ்.டி. எண்ணைச் சொல்லும்போது இம்முறை நமக்கும் உதவும்.

கடைப்பிடிக்க வேண்டியவை மூன்று: 15 என்பதை 'ஒன், ஃபைவ்' என்று இலக்கம் இலக்கமாகவும் சொல்லுங்கள், எதிர்முனையில் இருப்பவரைத் திருப்பிச் சொல்லச் செய்யுங்கள், பிறகு எழுத்து மூலம் உறுதி செய்யுங்கள். சரக்கு லாரியில் ஏறிய பின் விளக்கம் சொல்லிப் பயனில்லை.