நாரிநோவும் முள்ளந்தண்டின் காப்பும்

சுவர் இருந்தாலன்றோ சித்திரம் எழுதலாம் என்பர் நம் முன்னோர். உடலாகிய சுவரைத் தாங்கிநிற்பது யாதெனின், அது முள்ளந்தண்டேயாம். உடையார்கட்டுக் குளத்து நீரை நம்பி வாழும் நம் ஊரவர் கமத்தொழிலிற் பிறந்து கமத்தொழிலில் வளர்ந்தோர். நாற்று நடுதல், களை பிடுங்குதல், அரிவு வெட்டுதல், நெல் மூட்டை சுமத்தல் ஆகிய அனைத்தும் நாரியின் வலிமையால் நடைபெறுவன. உழவுக்கும் அறுவடைக்கும் இயந்திரம் வந்த பின்னரும், "நாரி நோகின்றது" என்னுஞ் சொல் கேளாத வீடு நம்மூரில் அரிது. ஆதலின் நாரிநோவின் இயல்பையும், அதற்குரிய பரிகாரங்களையும், என்புகளைக் காக்கும் நெறியையும் இங்குச் சுருங்கக் கூறுவாம்.

முள்ளந்தண்டின் அமைப்பு

ஐக்கிய அமெரிக்காவிலிருந்து வந்து மானிப்பாயில் வைத்தியப் பணிபுரிந்த சாமுவேல் பிஸ்க் கிறீன், உடலமைப்பு நூலொன்றை 1872 இல் "மனுஷ அங்காதிபாதம்" என்னும் பெயரால் தமிழில் வெளியிட்டார். இத்தகைய கல்வி தமிழ்மொழிக்குப் புதிதன்று என்பதை மாணவர் நினைவிற் கொள்க.

முள்ளந்தண்டு 33 என்புகளால் ஆயது. கழுத்தில் 7, நெஞ்சறையில் 12, நாரியில் 5 ஆக 24 என்புகள் அசையுந் தன்மையன. அவற்றின் கீழே ஒன்றோடொன்று இணைந்து திருவென்பாகியவை 5. குயிலலகாகியவை பெரும்பாலும் 4. அசையும் என்புகளினிடையே மெத்தை போன்ற தட்டுகள் உள்ளன. வளர்ந்தோரின் தட்டுக்கு நேரான இரத்தவோட்டம் மிகக் குறைவு. அண்மையிலுள்ள என்பிலிருந்து ஊறிவரும் சத்தே அதற்கு உணவு. உடல் அசையுந்தோறும் தட்டு அமுங்கியும் விரிந்தும் அவ்வுணவைப் பெறுகின்றது. ஆகவே, அசைவே தட்டின் உயிர் எனலாம்.

பாரமும் நெம்புகோலும்

பௌதிகம் கற்கும் மாணவர் ஒரு கணக்கைச் செய்துபார்க்கலாம். உரமூட்டையொன்றின் நிறை 50 கிலோகிராம். குனிந்து அதனை நாரித்தட்டிலிருந்து 40 சதமமீற்றர் முன்னே ஏந்தினால், தட்டுக்கு ஏறத்தாழ 5 சதமமீற்றர் பின்னே நிற்கும் முதுகுத்தசை எட்டுமடங்கு விசையுடன், அஃதாவது 400 கிலோகிராம் நிறைக்கு நிகராக, இழுத்தல் வேண்டும். அதே மூட்டையை உடலோடு அணைத்து 20 சதமமீற்றருள் ஏந்தின் 200 போதும். மூட்டை ஒன்றே, தூரம் பாதியாகத் தசையின் சுமையும் பாதியாயிற்று. முழங்காலை மடக்கி, பாரத்தை மார்போடு சேர்த்து, உடலை முறுக்காது, காலை எடுத்துவைத்துத் திரும்புக என்பதன் காரணம் இதுவே. இயலுமாயின் இருவர் சேர்ந்து தூக்குதல் இன்னும் நன்று.

நோவின் காரணம்

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2020 இல் நாரிநோவுற்றோர் 61 கோடியே 90 இலட்சம் மக்கள். அவருட் பதின்மரில் ஒன்பதின்மருக்கு இன்ன உறுப்பே காரணமெனச் சுட்டிக்காட்ட இயலாது. அத்தகைய புதிய நோவு பெரும்பாலும் சில கிழமைகளில் தணியும்.

தட்டுப் பிதுங்கி நரம்பை அழுத்துவதே காலுக்கு ஓடும் நோவுக்குக் காரணமாகலாம் என்பதை 1934 இல் பொஸ்ரன் நகரத்து மிக்ஸ்ரர், பார் என்னும் இருவர் விளக்கினர். இந்நோயும் பலருக்குச் சத்திரசிகிச்சையின்றியே மாறுகின்றது. கால் வலுவிழந்து வரினும், மாதக்கணக்கிற் கடுநோவு தணியாதிருப்பினும் சத்திரசிகிச்சை பயன்தரும்.

படம் பிடித்தாற் காரணம் தெரிந்துவிடும் எனப் பலர் கருதுவர். நோவே இல்லாதவர்களின் படங்களை ஆராய்ந்து 2015 இல் வெளிவந்த தொகுப்பாய்வில், இருபது வயதினரில் நூற்றுக்கு 37 பேரிடத்தும், எண்பது வயதினரில் நூற்றுக்கு 96 பேரிடத்தும் தட்டுத் தேய்வு காணப்பட்டது. நரை போன்று தேய்வும் வயதின் அடையாளமாகலாம். ஆதலின் "தட்டுத் தேய்ந்தது" என்ற சொற்கேட்டு வாழ்வே முடிந்ததென அஞ்சற்க.

பரிகாரங்கள்

நாரி பிடித்தவுடன் பாயிற் கிடத்தலே மருந்தென்பது பழைய எண்ணம். இரண்டு நாள் ஓய்வையும் ஏழு நாள் ஓய்வையும் ஒப்பிட்டு 1986 இல் வெளியான ஆய்வில், நீண்ட ஓய்வால் மிகுந்த நன்மை யாதுமில்லை. வேலையிழந்த நாள்களே மிகுந்தன. நோவு பொறுக்குமளவு நடமாடுதலே தக்கது.

2023 இல் உலக சுகாதார நிறுவனம் நாட்பட்ட நாரிநோவுக்கு வழிகாட்டி வெளியிட்டது. நோயைப் பற்றிய தெளிவு, உடற்பயிற்சி, தேகப்பயிற்சிச் சிகிச்சை, பிடித்துவிடுதல், மனத்துயர் தணிக்கும் ஆலோசனை, வேண்டுழி வீக்கந்தணிக்கும் மருந்து ஆகியவற்றை அது ஏற்றது. இடுப்புப்பட்டி, இழுவைச் சிகிச்சை, அபின்சார் மருந்து ஆகியவற்றை அது பரிந்துரைக்கவில்லை. வீக்கந்தணிக்கும் மாத்திரைகளும் குடற்புண், சிறுநீரக நோய் உடையோருக்குத் தீங்கு செய்யும். வைத்தியரைக் கேளாது கடையில் வாங்கி விழுங்கலாகாது.

நம் வீடுகளில் வழங்கும் ஒத்தடமும் எண்ணெய் தேய்த்தலும் இதந்தருவன, அவற்றை இகழவேண்டியதில்லை. ஆயின் விழுந்து அடிபட்ட முதுகை, என்பு முறியவில்லை எனத் தெளியுமுன் எவரும் நெரித்து இழுத்தலாகாது.

நோவு மாறியோர் நடத்தலை மேற்கொள்க. அவுஸ்திரேலியாவில் 701 பேரைக் கொண்டு நிகழ்த்தி 2024 இல் வெளியிட்ட ஆய்வில், வழிகாட்டலுடன் நடைபயின்றோருக்கு நோவு மீள வருவதற்கு நடுவளவில் 208 நாள் ஆயிற்று. மற்றையோருக்கு 112 நாளே. குளக்கட்டு நமக்கு அண்மையில் உண்டு; நடப்பதற்குப் பணமும் வேண்டுவதில்லை.

காலந் தாழ்த்தலாகாத குறிகள்

சிறுநீரோ மலமோ அடங்காமற் போதல் அல்லது சிறுநீர் கழிக்க இயலாமை, தொடையிடுக்கில் மரத்தல், இரு கால்களும் வலுவிழத்தல் ஆகியன தோன்றின் மணித்தியாலங்களே கணக்கு. உடனே வைத்தியசாலைக்கு விரைக. காய்ச்சல், காரணமின்றி மெலிதல், இராக்காலத்தில் ஓயாத நோவு, விழுந்தபின் உண்டான நோவு, புற்றுநோய் முன்னர் வந்திருத்தல் ஆகியனவும் வைத்தியர் அறியவேண்டியவை. காசநோய் முள்ளந்தண்டையும் பற்றும் என்பதனை மறவற்க.

நம்மூரவர்க்குச் சிறப்பாகக் கூறவேண்டியது ஒன்றுண்டு. 2009 தை மாதத்திற் பாதுகாப்பு வலயமென அறிவிக்கப்பட்ட நிலத்தினுள் உடையார்கட்டும் அடங்கியது. அந்நிலத்திலேயே எறிகணைகளும் வீழ்ந்தன. அக்காலத்து உலோகச் சிதறல்களை இன்றும் உடலிற் சுமப்போர் நம்மிடையே உளர். எம்.ஆர்.ஐ. என்னும் காந்தப்படம் பிடிக்குமுன், உடலிற் சிதறல் உண்டென்பதை அவர் கட்டாயம் சொல்லல் வேண்டும். காந்தம் சில உலோகங்களை அசைக்கவும் சூடாக்கவும் வல்லது. கண்ணிலோ முண்ணாணருகிலோ சிதறல் இருப்பின் பெருந்தீங்கு விளையும்.

முண்ணாண் அறுபட்டு நடையிழந்தோர்க்கு வீட்டாரின் கவனமே உயிர்க்காப்பு. படுத்திருப்போரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டுதலும், தோலை நாடோறும் பார்த்தலும், சிறுநீர்த்தொற்றைத் தடுத்தலும் தவறலாகாது. உணர்ச்சியற்ற இடத்துப் படுக்கைப்புண் நோவாது. நோவாததனாலேயே அது கொடியது.

என்பின் சேமிப்பு

என்பு ஒரு சேமிப்பு வங்கி. ஏறத்தாழ முப்பது வயதுவரை வைப்பு மிகும். பின்னர்ச் செலவு மிகும். மாதவிடாய் நின்ற மகளிர்க்கு அச்செலவு விரைவாகின்றது. வளர்ந்தோருக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 1000 மில்லிகிராம் கல்சியம் வேண்டும். பால், தயிர், முள்ளோடு உண்ணும் நெத்தலி, குரக்கன், எள், முருங்கையிலை ஆகியன அதனைத் தருவன. வெயில் தோலிற் படுதலால் உயிர்ச்சத்து டி உண்டாகும். புகையிலும் மதுவிலும் என்பு தேயும். முதியோர் விழாதிருக்க, கிணற்றடிப் பாசியைத் தேய்த்தகற்றுதலும், இரவில் விளக்கொன்று வைத்தலும் சிறு செயல்களாயினும் பெரும்பயன் விளைப்பன.

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்பது பழமொழி. மாணவர்காள்! இன்று ஓடியாடித் தேடும் என்பின் செல்வமே முதுமையில் உங்களை நிமிர்ந்து நிற்கச்செய்வது. பழைய மாணவராகிய யாமோ, இழந்த காலத்தை எண்ணி வருந்தாது, நாளைக் காலை குளக்கட்டில் நடக்கத் தொடங்குவோமாக.