எலும்பு சொல்லும் வேலை

கேள்வி: எலும்புக்கூட்டைப் பார்த்தே அந்தக் காலத்து ஆள் எப்படி உட்கார்ந்தார் என்கிறார்களே, நிஜமா, கதையா?

பதில்: ஓரளவு நிஜம். சிரியாவில் யூப்ரடீஸ் கரையிலிருந்த அபு ஹுரைரா என்ற புதிய கற்கால ஊரை, அணை நீர் விழுங்குமுன் 1972-73இல் அவசரமாகத் தோண்டினார்கள். அந்த எலும்புகளை லண்டனில் தியா மோலசன் ஆராய்ந்தார். பல பெண்களின் கால் கட்டைவிரல் மூட்டு தேய்ந்து உருமாறியிருந்தது. முழங்காலிலும் கீழ்முதுகிலும் சேதம். மண்டியிட்டு, கால்விரல்களை மடக்கி ஊன்றி, குழிந்த கல்லில் முன்னும் பின்னும் உந்தித் தானியம் அரைத்திருக்கிறார்கள். தினமும், மணிக்கணக்கில்! குத்தவைத்து உட்காரும் பழக்கம் வேறு இடத்தில், கணுக்காலுக்குச் சற்று மேலே எலும்பின் முன்விளிம்பில் தடம் விடும். ஆனால் ஒற்றை எலும்பைக் காட்டி 'இவர் தச்சர்' என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்பிவிடாதீர்கள். வயதானாலும் மூட்டு தேயும்.