சூடான இன்ஜின் ஏன் ஸ்டார்ட் ஆகவில்லை? பழைய கார் கற்றுத் தந்த டிரபிள்ஷூட்டிங் பாடம்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது, "திடீரென்று ஹேங் ஆகிவிட்டது, என்ன செய்யலாம்?" என்பதுதான். "ஹேங் ஆனதும் நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்று திருப்பிக் கேட்பேன். "பட்டனைத் திரும்பத் திரும்ப அழுத்தினேன்" என்பார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. நானும் அதையேதான் செய்தேன். கம்ப்யூட்டரில் அல்ல, அப்பாவின் பழைய அம்பாசிடர் காரில். பழுதைத் தேடும் முறை எல்லா இயந்திரங்களுக்கும் ஒன்றுதான் என்பதால், இந்த மாதம் அந்த அனுபவத்தையே பாடமாகத் தருகிறேன்.

என்ன நடந்தது?

தாம்பரத்திலிருந்து திண்டிவனம் போகும் வழியில், மதுராந்தகத்தில் காபி குடிக்க நிறுத்தினோம். 20 நிமிடம் கழித்துச் சாவியைத் திருப்பினால், செல்ப் மோட்டார் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை. நான் ஆக்ஸிலரேட்டரை ஆறேழு முறை மிதித்தேன். பெட்ரோல் நாற்றம் குப்பென்று வந்தது. உதவிக்கு வந்த ஒருவர் பீடியுடன் பானெட்டுக்குள் குனிய, "யோவ், தள்ளிப் போய்யா!" என்று அப்பா கத்தினார். பின் சீட்டில் அம்மா உட்கார்ந்திருந்தார். ஒன்றரை மணி நேரம் கழித்து, ஒன்றுமே நடக்காதது போல் வண்டி ஸ்டார்ட் ஆனது.

பிறகு ஆளாளுக்குச் சொன்ன யோசனையைக் கேட்டு புது பேட்டரி போட்டோம். இக்னிஷன் காயிலையும் மாற்றினோம். பிரச்னை அப்படியே இருந்தது. "வர்ற விலைக்குக் கொடுத்துடலாம்டா" என்றார் அப்பா. 1986 முதல் அவர் ஓட்டும் கார் அது. அலுவலகத்தில் லாக் பைலைப் பார்க்காமல் ஒரு வரி புரோகிராமைக்கூட மாற்றாத நான், இங்கே எதையும் பார்க்காமல் இரண்டு பாகங்களை மாற்றியிருந்தேன்.

கார்புரேட்டர் செய்யும் வேலை

பம்ப் அனுப்பும் பெட்ரோல் முதலில் கார்புரேட்டரில் உள்ள சிறு தொட்டிக்கு வருகிறது. அதில் ப்ளோட் எனும் மிதவை உண்டு. பெட்ரோல் உயர்ந்தால் மிதவையும் உயர்ந்து, நீடில் வால்வை அழுத்தி வழியை மூடும். நம் வீட்டு மாடித் தொட்டியில் உள்ள பந்து வால்வு போலத்தான். இன்ஜின் காற்றை இழுக்கும்போது, ஜெட் எனும் நுண்துளை வழியாகத் தேவையான பெட்ரோல் மட்டும் காற்றுடன் கலக்கிறது. பெட்ரோல் அளவுக்கு மீறினால் ஸ்பார்க் பிளக் நனைந்துவிடும். இதைத்தான் மெக்கானிக்குகள் 'ஓவர்ப்ளோ' என்கிறார்கள்.

நோட்டுப் புத்தகமே லாக் பைல்

இரண்டு வாரம், வண்டியை நிறுத்திய நேரத்தையும் மீண்டும் ஸ்டார்ட் செய்த நேரத்தையும் குறித்தேன். 3 நிமிடத்தில் எடுத்தால் ஸ்டார்ட் ஆகிறது. 15 முதல் 30 நிமிடத்தில் தகராறு. 2 மணி நேரம் கழித்தால் மீண்டும் ஸ்டார்ட் ஆகிறது.

காரணம் இதுதான். இன்ஜின் நின்றதும் விசிறியும் கூலிங் தண்ணீரின் ஓட்டமும் நின்றுவிடுகின்றன. உள்ளே தேங்கிய சூடு மெல்ல மேலே ஏறுகிறது. இந்த இன்ஜினில் புகை வெளியேறும் மேனிபோல்டும் கார்புரேட்டரும் ஒரே பக்கத்தில் இருப்பதால், தொட்டியிலுள்ள பெட்ரோல் கொதித்து, ஜெட் வழியாக உள்ளே வழிகிறது. நேரம் கடந்தால் சூடு தணிந்து, வழிந்த பெட்ரோலும் ஆவியாகிவிடுகிறது.

மூன்றில் எது?

சூட்டில் ஸ்டார்ட் ஆகாததற்கு எதிரெதிரான காரணங்கள் இருக்கலாம். மெக்கானிக்கை உடன் வைத்துக்கொண்டு, ஒரு பிளக்கைக் கழற்றிப் பார்க்கவும்.

1. பிளக் நனைந்து, பெட்ரோல் நாற்றம் அடித்தால் ஓவர்ப்ளோ.
2. பிளக் காய்ந்து, நாற்றமே இல்லாவிட்டால் பெட்ரோல் வரவில்லை. குழாயிலோ பம்பிலோ ஆவி அடைத்திருக்கலாம்.
3. பெட்ரோல் சரியாக வந்தும் ஸ்பார்க் இல்லையென்றால், காயிலோ கன்டென்சரோ சூட்டில் செயலிழக்கிறது.

எங்கள் காரில் முதல் வகை. கார்புரேட்டரைத் திறந்தோம். மிதவையைக் குலுக்கியபோது உள்ளே பெட்ரோல் சத்தம் இல்லை. வெந்நீரில் அமுக்கியும் குமிழி வரவில்லை. எனவே ஓட்டை இல்லை. ஆனால் நீடில் வால்வின் நுனியில் வளையமாகத் தேய்மானம் தெரிந்தது. அதை மட்டும் மாற்றினோம். பெட்ரோல் நாற்றம் நின்றது. ஆனால் 20 நிமிடத் தகராறு பாதிதான் குறைந்தது.

மீண்டும் தேடியதில், கார்புரேட்டருக்கு அடியில் இருக்க வேண்டிய தடித்த வெப்பத்தடுப்புத் துண்டைக் காணவில்லை. எப்போதோ யாரோ அதை எடுத்துவிட்டு மெல்லிய காகித கேஸ்கெட்டைப் போட்டிருக்கிறார்கள். தடித்த துண்டைப் போட்டதும் பிரச்னை முழுதாகத் தீர்ந்தது. இரண்டையும் ஒரே நாளில் மாற்றியிருந்தால், எது எதைச் சரிசெய்தது என்று தெரிந்தே இருக்காது.

இன்னொன்று: பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கும் இலக்கை இந்தியா 2025ல் எட்டியது. பழைய கார்களின் ரப்பர் குழாய்களையும் வாஷர்களையும் எத்தனால் பாதிக்கக்கூடும். அவற்றையும் பார்த்துக்கொள்ளவும்.

வழியில் நின்றால்

* அருகில் யாரும் நெருப்பு பற்ற வைக்காமல் பார்த்துக்கொள்ளவும். பெட்ரோல் வெளியே சொட்டினால் ஸ்டார்ட் செய்யவே கூடாது.
* சோக்கை முழுதாக உள்ளே தள்ளவும்.
* ஆக்ஸிலரேட்டரை ஒரே முறை முழுதாக மிதித்து, அப்படியே பிடிக்கவும். விட்டு விட்டு மிதித்தால் ஒவ்வொரு மிதிக்கும் மேலும் பெட்ரோல் பீய்ச்சும்.
* 5 முதல் 10 விநாடி செல்ப் கொடுக்கவும். நிறையக் காற்று நுழைந்து பிளக்கை உலர்த்தும்.
* ஸ்டார்ட் ஆகாவிட்டால், ஒரு நிமிடமாவது மோட்டாருக்கு ஓய்வு கொடுத்துவிட்டு முயலவும்.

இன்றைய கார்களில் கார்புரேட்டரின் வேலையை ஈசியூ எனும் சிறு கம்ப்யூட்டர் செய்கிறது. பலவற்றில் இதே தந்திரத்தை புரோகிராமாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். பெடலை முழுதாக மிதித்தபடி ஸ்டார்ட் செய்தால், ஈசியூ பெட்ரோலை நிறுத்திவிடும்.

அடுத்த முறை உங்கள் கம்ப்யூட்டர் மக்கர் செய்தால், முதலில் கையைப் பட்டனிலிருந்து எடுங்கள். எப்போது வேலை செய்கிறது, எப்போது செய்யவில்லை என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்து பாருங்கள். காரை விற்கும் பேச்சை அப்பா இப்போது எடுப்பதில்லை. போன வாரம்கூட மதுராந்தகத்தில் காபிக்காக நிறுத்தினோம்.