கயிறு மாட்டாத கூடு

ஸ்கைடைவிங் தலைக்கவசத்தில் மாட்டும் கேமராவுக்கு ஃபைபர்கிளாஸில் கூடு செய்ய வேண்டும் என்று யார் வந்தாலும், முதலில் நான் கேட்பது “இதுவரை எத்தனை ஜம்ப்?” என்பதுதான். குறைந்தது 200 முடித்த பிறகே கேமரா அணியச் சொல்கிறது அமெரிக்க பாராசூட் சங்கம். எனக்கு அதில் முழு உடன்பாடு. கேமரா தலையில் ஏறிவிட்டால் கவனத்தில் ஒரு பங்கு அதற்குப் போய்விடும். உயரமானியைப் பார்ப்பதும், பக்கத்தில் விழுபவர்களிடமிருந்து விலகுவதும், உரிய உயரத்தில் பாராசூட்டைத் திறப்பதும் அதற்குள் உடம்பில் ஊறியிருக்க வேண்டும்.

அடுத்த கேள்வி, கூடு எதற்கு? “கேமரா உடையாமல் இருக்க” என்பார்கள். கலிபோர்னியாவின் பெர்ரிஸில் பல வருடங்கள் குதித்து, எனக்கும் நண்பர்களுக்கும் கூடுகள் செய்துவந்தவன் என்ற முறையில் என் பதில் வேறு. கூடு முதலில் பாராசூட் கயிறுகளுக்காக, கேமரா அப்புறம்தான். முதுகுப் பையிலிருந்து பாராசூட் கிளம்பும்போது கயிறுகள் தலைக்குப் பின்னாலிருந்து வேகமாக மேலே உருவிக்கொண்டு போகும். உடம்பு கொஞ்சம் உருண்டாலோ சாய்ந்தாலோ தலையை உரசிக்கொண்டே போகும். அந்த நொடியில் கவசத்தில் ஒரு கூர்மூலையோ, துருத்திய திருகோ, ஓர் இடுக்கோ இருந்தால் கயிறு அங்கே மாட்டிக்கொள்ளும். பாராசூட் சரியாக விரியாது, கழுத்தும் தப்பாது.

ஆகவே அளவுகோலை எடுப்பதற்கு முன்னால் வெளி வடிவத்தை முடிவு செய்துவிடுங்கள். கூட்டின் மேற்பரப்பு ஆற்றங்கரைக் கூழாங்கல்லைப் போல இருக்க வேண்டும். எந்தத் திசையிலிருந்து கயிறு வந்தாலும் வழுக்கிக்கொண்டு போய்விட வேண்டும். கவசமும் கூடும் சேரும் இடத்தில் நகம் நுழையும் இடைவெளிகூடக் கூடாது. பழைய பாராசூட் கயிறு ஒரு மீட்டர் என் பட்டறையில் எப்போதும் தொங்கும். ஒவ்வொரு கட்டத்திலும் அதை இரு கைகளாலும் இழுத்துப் பிடித்து, முன்னிருந்து பின், கீழிருந்து மேல், குறுக்காக என்று கவசம் முழுக்க ஓட்டிப் பார்ப்பேன். எங்கே தயங்குகிறதோ அங்கே வேலை பாக்கி இருக்கிறது.

கேமராக்கள் கைக்குள் அடங்கும் மினி டிவி நாடாக் காலத்தில்தான் வீட்டிலேயே கூடு செய்வது எங்களிடையே பரவியது. சோனியின் பிசி வரிசைக் கேமராவைக் கவசத்தின் பக்கவாட்டில் நிறுத்தி, அதைச் சுற்றி ஃபைபர்கிளாஸில் ஒரு பெட்டி. அடிப்படை முறை இன்றும் அதேதான்.

ஈர ரெசினை நேரே கேமராவின் மேல் பூசவே கூடாது. அதே அளவில் ஒரு மாதிரிக் கட்டை செய்துகொள்ளுங்கள்; சுற்றிலும் 3 மி.மீ. கூடுதலாக இருக்கட்டும். பிறகு உள்ளே ஒட்டும் மெத்தைத் தாளுக்கு அந்த இடம் வேண்டும். கட்டையைத் தெர்மோகோலில் செதுக்கலாம், ஆனால் அதன் மேல் பாலியெஸ்டர் ரெசின் பட்டால் கரைந்து போகும். நான் எபாக்ஸி மட்டுமே பயன்படுத்துகிறேன். தெர்மோகோலைத் தின்னாது, வாடையும் குறைவு. கட்டையின் விளிம்புகள் எல்லாவற்றையும் உப்புத்தாளால் உருட்டிவிடுங்கள். கண்ணாடி இழைத் துணி கூர்மூலையில் படியாது. தூக்கிக்கொள்ளும், அடியில் காற்று தங்கும். பிறகு அந்த இடம்தான் முதலில் விரிசல் விடும். வாய்ப்புறம் சற்றே அகலமாக இருந்தால் கட்டை சுலபமாகக் கழன்று வரும். கட்டை முழுவதும் பழுப்பு பேக்கிங் டேப்பைச் சுருக்கமில்லாமல் ஒட்டி மெழுகு தேய்த்தால் எபாக்ஸி அதில் பிடிக்காது.

சதுர மீட்டருக்கு 200 கிராம் எடையுள்ள நெய்த துணியில் நான்கு அடுக்கு போட்டால் ஏறக்குறைய 1 மி.மீ. கனம் வரும். திருகு ஏறும் இடங்களிலும் வாய் விளிம்பிலும் இன்னும் இரண்டு மூன்று அடுக்கு சேர்ப்பேன். ஒவ்வொரு அடுக்கையும் சற்றுத் திருப்பிப் போட்டால் எல்லாத் திசையிலும் வலு கிடைக்கும். ரெசின் நிறைய ஊற்றினால் கெட்டியாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம். வலு இழையில் இருக்கிறது. மிஞ்சிய ரெசின் எடைதான். துணியும் ரெசினும் சம எடை என்பது கைவேலைக்கு நல்ல கணக்கு. துணி கண்ணாடி போலத் தெளிந்ததும் தூரிகையை நிறுத்திவிடலாம்.

எபாக்ஸி ரெசினையும் அதை இறுகவைக்கும் ஹார்டனரையும் தராசில் நிறுத்தே கலக்க வேண்டும். ஹார்டனரைக் கூட்டினால் சீக்கிரம் இறுகாது. கடைசிவரை கொழகொழப்பாகவே நிற்கும். சிறுகச் சிறுகக் கலக்குங்கள். கோப்பை நிறையக் கலந்து வைத்தால் தன் சூட்டிலேயே புகைந்து பிளாஸ்டிக் கோப்பையை உருக்கிவிடும். நைட்ரில் கையுறை கட்டாயம், ஏனென்றால் எபாக்ஸி ஒவ்வாமை ஒருமுறை வந்துவிட்டால் ஆயுளுக்கும் விடாது. தேய்க்கும்போது தண்ணீர் தொட்டுத் தேயுங்கள், முகமூடி போடுங்கள். அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

சாதாரண அறை வெப்பத்தில் இறுகிய எபாக்ஸி பெரும்பாலும் 60 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது இளகும். பெர்ரிஸ் கோடையில் மூடிய காருக்குள் அந்தச் சூடு சாதாரணம். அதனால் ஒருநாள் இறுகவிட்டபின், கட்டை உள்ளே இருக்கும்போதே சில மணி நேரம் மெதுவாகச் சூடேற்றிவிடுகிறேன். தாங்கும் வெப்பம் கூடும், கட்டை இருப்பதால் வடிவமும் கோணாது. பெயிண்ட் வெள்ளையோ வெளிர் நிறமோ போதும். கறுப்பு அழகுதான், வெயிலில் கேமராவை வேகவைத்துவிடும். இப்போது பலர் முப்பரிமாண அச்சில் கூடு எடுக்கிறார்கள். பிஎல்ஏ பிளாஸ்டிக் என்றால் அதுவும் இதே வெப்பத்தில்தான் இளகும், உள்ளே தாங்கிப் பிடிக்க இழையும் இல்லை.

கட்டையின் மேல் துணி போட்டு எடுப்பதால் உள்பக்கம் வழவழப்பாகவும் வெளிப்பக்கம் நெய்தல் தெரியச் சொரசொரப்பாகவும் வரும். நமக்கு வேண்டியது வெளிப்பக்கம். பட்டி பார்த்து, 80, 220, 400 என்று உப்புத்தாளை மாற்றி மாற்றித் தேய்க்க வேண்டும். மொத்த வேலையில் பாதிக்கு மேல் இங்கேதான் போகும். போகட்டும்.

கேமராவுக்கு முன்னால் தனிக் கண்ணாடி வைப்பதை நான் விரும்புவதில்லை, பிரதிபலிக்கும், பனிக்கும். 4,000 மீட்டர் உயரத்தில் காற்று தரையைவிட 25 டிகிரி வரை குளிர்ந்திருக்கும். குளிர்ந்த கேமராவோடு வெதுவெதுப்பான ஈரக்காற்றுக்குள் இறங்கும்போது லென்ஸில் நீர் படியும். முன்பக்கம் திறந்திருந்து, பின்னடியில் சிறு துளையும் இருந்தால் காற்று ஓடிப் பனி சீக்கிரம் விலகும். துளை சுண்டுவிரல் நகத்துக்கும் சிறியதாக இருக்கட்டும்.

வயிறு கீழாக விழும்போது வேகம் மணிக்கு சுமார் 190 கி.மீ. அந்தக் காற்று 10 செ.மீ. சதுரத் தட்டை முகத்தை ஏறக்குறைய 2 கிலோ பாரத்துடன் தள்ளும். தலைகீழாகப் பறப்பவர்களுக்கு இது இரண்டு மடங்கைக்கூடத் தாண்டலாம். கூட்டின் முகத்தை உருட்டிச் சிறிதாக்கினால் கழுத்து நன்றி சொல்லும். பாராசூட் விரியும்போது தலையில் இருக்கும் எடையும் பல மடங்காகிறது. வானில் விழுந்தபடியே படம் எடுப்பதில் முன்னோடியான கார்ல் போனிஷ் காலத்தில் 16 மி.மீ. பிலிம் கேமராவைச் சுமந்து குதித்தார்கள். அவர்கள் கழுத்தை நினைத்தால் எனக்கு மலைப்பாக இருக்கும். அரைக் கிலோவானாலும் காதுக்கு நெருக்கமாக, முடிந்தவரை உள்ளே தள்ளி அமையுங்கள்.

திருகுகள் தலை மட்டமாக அமர்பவையாக இருக்க வேண்டும். கவசத்தின் உள்பக்கம் அகலமான வாஷர் போட்டு, திருகு முனையை அறுத்துத் தேய்த்து, மேலே மெத்தை ஒட்டுங்கள். மண்டைக்குப் பக்கத்தில் இரும்பு முனை இருக்கலாகாது.

எவ்வளவு வழவழப்பாகச் செய்தாலும் கயிறு மாட்டாது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. அதற்குத்தான் ஒரே இழுப்பில் கழலும் தாடைப்பட்டை. அது இல்லாத கவசத்துக்கு நான் கூடு செய்வதே இல்லை. கையுறையோடு, கண்ணை மூடி, வலக்கையாலும் இடக்கையாலும் கழற்றிப் பழகுங்கள்.

சமீபத்தில் ஒரு தம்பி கோப்ரோவுடன் வந்தான். “அண்ணா, இத்துனூண்டு கேமராவுக்குக் கூடெல்லாம் எதுக்கு?” என்று கேட்டான். ஒன்றும் சொல்லாமல் கயிற்றை அவன் கையில் கொடுத்தேன். கேமராவுக்கும் கவசத்துக்கும் நடுவே நிற்கும் பிளாஸ்டிக் காலில் முதல் இழுப்பிலேயே மாட்டியது. சிறிய கேமராவின் ஆபத்து அந்தக் காலில்தான். அதைச் சுற்றிக் கவசத்தோடு வழிந்து சேரும்படி ஒரு சரிவான மேடை கட்டினோம். அதற்கு மூன்று அடுக்குத் துணி போதுமாக இருந்தது.

புதுக் கூட்டோடு முதல் ஜம்ப்பில் படம் எடுக்க வேண்டாம். தனியாக ஏறி, வழக்கத்தைவிட உயரத்திலேயே பாராசூட்டைத் திறந்து, தலை எப்படி இழுபடுகிறது என்று மட்டும் கவனியுங்கள். இறங்கியதும் பெயிண்ட்டில் புதுக் கீறல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். இருந்தால் கயிறு அங்கே தொட்டிருக்கிறது. அந்த இடத்தைத் தேய்த்துச் சரிசெய்தபின் அடுத்த விமானத்தில் ஏறலாம்.