மருந்தடிக்காமல் மொன்றியலில் சோளம்: முழுமையான வழிகாட்டி

கியூபெக்கின் இனிப்புச் சோள வயல்கள் பலவற்றில் பூச்சிமருந்தின் வேலையை ஒரு குளவி செய்கிறது. ஒரு மில்லிமீற்றர் நீளம்கூட இல்லாத அந்த ஒட்டுண்ணிக் குளவியின் பெயர் டிரைக்கோகிரம்மா. மொன்றியலுக்குத் தெற்கே சென்-ஜாக்-லெ-மினேரில் இயங்கும் அனாட்டிஸ் பயோப்ரொடெக்‌ஷன் நிறுவனம் இதைப் பெருக்கி விற்கிறது. பெரிய வயல்களில் ட்ரோன் கொண்டும் விடுகிறார்கள். தமிழ்நாட்டில் கரும்பின் இடைக்கணுப் புழுவுக்கு டிரைக்கோகிரம்மா அட்டை கட்டுவதைக் கண்டவர்களுக்கு இந்த முறை பழக்கமானதுதான். சமூகத் தோட்டத்தில் நாலு வரி சோளம் போடுகிறவர்களும் இதைச் செய்யலாம்.

எந்தப் புழு என்று தெரிந்துகொள்ளுங்கள்

இங்கே முதல் எதிரி ஐரோப்பியச் சோளத் தண்டுத் துளைப்பான். வட அமெரிக்காவில் 1917இல் மசாசூசெட்ஸ் பகுதியில் முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டு வடக்கே பரவியது. அதன் வெளிர்மஞ்சள் அந்துப்பூச்சி இரவில் வந்து, இலையின் அடிப்புறத்தில் நடுநரம்பை ஒட்டி, மீன் செதில் அடுக்கியதுபோல் முட்டையிடும். பொரித்த புழு முதலில் குருத்திலையைத் தின்னும். பிறகு தண்டையும் பொத்தியையும் துளைத்து உள்ளே போய்விடும். போனபின் எதைத் தெளித்தும் பெரிய பயனில்லை, இரசாயன மருந்துக்கும் இதே கதைதான். முட்டையிடுவதற்கும் துளை போடுவதற்கும் இடைப்பட்ட அந்தச் சில நாட்களே நமக்குக் கிடைக்கும் அவகாசம்.

இரண்டாவது எதிரி பொத்திப் புழு. கியூபெக் குளிரை அது தாங்காது. ஒவ்வொரு கோடையும் தெற்கிலிருந்து காற்றோடு வந்து சோளப்பட்டில் முட்டையிடுகிறது. 2018இல் இந்தியாவிலும் இலங்கையிலும் சோளத்தை அழித்த படைப்புழுவும் இங்கே அப்படி வந்துபோகும் விருந்தாளிதான்.

விதைக்கும்போது

தோட்ட விதிகளைக் கேட்டுவிட்டு விதையுங்கள், உயரமான பயிருக்குச் சில இடங்களில் கட்டுப்பாடு உண்டு. மே கடைசியில் உறைபனிப் பயம் நீங்கியதும் விதைக்கலாம். நீண்ட ஒற்றை வரியாகப் போடாமல் சதுரமாகப் போட்டால் மகரந்தம் நன்றாகச் சேரும்.

நியோநிகோடினாய்டு பூசாத விதையே வாங்குங்கள். கியூபெக்கில் 2012 முதல் 2016 வரை 84 சோள, சோயா வயல்களில் இந்தப் பூச்சைச் சோதித்தார்கள். 2020இல் வெளியான முடிவின்படி, மண்பூச்சிகளுக்கு எதிராக அது பயன்பட்டது 5 வீதத்துக்கும் குறைவான இடங்களில்தான். இத்தனை சிறிய பயனுக்காகத் தேனீக்குத் தீங்கான நஞ்சை விதைக்கெல்லாம் பூசுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

பக்கத்திலேயே கொஞ்சம் கொத்தமல்லியும் சதகுப்பையும் போட்டுப் பூக்க விடுங்கள். அந்தப் பூக்களின் தேனுக்கு நன்மை செய்யும் பூச்சிகள் வரும். பொறிவண்டு கண்ணில் பட்டால் தொடாதீர்கள். அதில் ஒரு வகை, சோள மகரந்தத்தையும் துளைப்பானின் முட்டைகளையும் சேர்த்தே தின்னும்.

ஜூன் நடுவிலிருந்து இலையைப் புரட்டுங்கள்

இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை போதும். புதிய முட்டைக்கூட்டம் வெள்ளையாக இருக்கும். உள்ளே கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் அவை புழுக்களின் தலைகள், ஒரு நாளில் பொரித்துவிடும். அந்த இலைத்துண்டைக் கிள்ளி நசுக்கிவிடுங்கள். சிறு பாத்திக்கு இதைவிட மலிவான வைத்தியம் கிடையாது. இனக்கவர்ச்சிப் பொறி வைத்தால் அந்துப்பூச்சி பறக்கத் தொடங்கிய நாளும் தெரியவரும்.

குளவி அட்டை கட்டுதல்

அட்டையில் ஒட்டியிருப்பவை வேறொரு அந்துப்பூச்சியின் முட்டைகள். அவற்றுக்குள் குளவிகள் வளர்கின்றன. வெளியே வந்த பெண் குளவி துளைப்பானின் முட்டையைத் தேடிப்பிடித்து அதற்குள் தன் முட்டையை இடும். உள்ளிருப்பதைக் குளவிக் குஞ்சு தின்றுவிடுவதால் புழு பிறப்பதே இல்லை. முட்டை முழுவதும் கறுத்திருந்தால் குளவி வேலை செய்திருக்கிறது என்று பொருள், அதை நசுக்கிவிடாதீர்கள். இந்தக் குளவி மனிதரைக் கொட்டாது.

பொரித்த புழுவைக் குளவி தொடாது. அதனால் அந்துப்பூச்சி பறக்கத் தொடங்கியதுமே முதல் அட்டையைக் கட்டிவிட வேண்டும். இலையில் ஓட்டை விழுந்தபின் அட்டை வாங்குவது வீண் செலவு. குளவி சில நாட்களே உயிர்வாழும், அந்துப்பூச்சியோ வாரக்கணக்கில் முட்டையிடும். ஆகவே வாரம் ஒரு புதிய அட்டை வேண்டும். எத்தனை அட்டை, எவ்வளவு இடைவெளி என்பது உறையிலேயே இருக்கும். மாலை நேரத்தில், வெயிலும் மழையும் நேரே படாதபடி, செடியின் நடு உயரத்தில் இலைக்கு அடியில் கட்டுங்கள். அட்டை உயிருள்ள சரக்கு, வாங்கியதை நாட்கணக்கில் வைத்திருக்காதீர்கள். மே மாதத்திலேயே விற்பவரிடம் சொல்லி வைப்பது நல்லது. அட்டை கட்டியிருக்கும் வாரங்களில் இரசாயனப் பூச்சிமருந்து எதையும் அடித்தால் குளவிதான் முதலில் சாகும்.

புழு பொரித்துவிட்டால்

பி.டி. (பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ்) என்னும் பாக்டீரியாவின் குர்ஸ்டாகி வகையைத் தோட்டக் கடைகளில் வாங்கலாம். அந்துப்பூச்சி, வண்ணத்துப்பூச்சி வகைப் புழுக்களின் குடலை மட்டுமே அது தாக்கும். புழு அதைத் தின்றால்தான் பலன் உண்டு. ஆகவே குருத்துக்குள் நன்றாக இறங்கும்படி தெளியுங்கள். வெயிலில் அதன் வீரியம் சீக்கிரம் குறைந்துவிடும். மாலையில் தெளித்து, சில நாள் கழித்து மறுபடி தெளிக்க வேண்டும். பொத்திப் புழுவுக்கு, பட்டு வெளிவந்து ஐந்தாறு நாளில், பி.டி. கலந்த மரக்கறி எண்ணெய் சில துளிகளைப் பொத்தி நுனியில் விடுகிற முறை உண்டு.

ஊர்ப் பழக்கத்தில் வேப்பெண்ணெய் அடிக்கத் தோன்றும். கனடாவில் பூச்சிக்கு அடிக்கும் பொருளுக்கு அரசின் பதிவெண் வேண்டும். போத்தலில் அது இல்லையென்றால் அடிக்காதீர்கள்.

அறுவடைக்குப் பின்

துளைப்பான் குளிர்காலத்தைக் காய்ந்த தண்டுக்குள் முழுப்புழுவாகக் கழிக்கும். தண்டை அப்படியே நிற்கவிட்டால் அடுத்த ஜூனில் அந்துப்பூச்சி உங்கள் பாத்தியிலிருந்தே கிளம்பும். பனி விழுமுன் அடியோடு வெட்டி, சிறு துண்டுகளாக நறுக்கி, நகராட்சியின் கழிவு நாளில் போடுங்கள். அந்துப்பூச்சிக்கு வேலி தெரியாது. பக்கத்துப் பாத்திக்காரரிடமும் இதைச் சொல்லி, அவர் தண்டையும் வெட்டச் செய்யுங்கள்.