நாலு சுரம் போடுகிறான், அழிக்கிறான்

கேள்வி: என் மகனுக்கு 15 வயது. லண்டன் ஹாரோவில் படிக்கிறான். சிறு வயது முதல் கர்நாடக வயலின் பழகுகிறான்; வர்ணம், கீர்த்தனை எல்லாம் சுத்தமாக வாசிப்பான். பள்ளியில் ஜிசிஎஸ்இக்கு இசைப் பாடம் எடுத்திருக்கிறான். சொந்தமாக ஒன்றை அமைக்கச் சொன்னால் மட்டும், கணினி முன் உட்கார்ந்து நாலு சுரம் போடுகிறான், அழிக்கிறான். கிட்டார் பழகி ஒரு வருடம்கூட ஆகாத நண்பன் இரண்டு பாட்டு முடித்துவிட்டானாம். "எனக்கு இது வராது அம்மா" என்கிறான். பாடத்தை மாற்றிவிடலாமா?

பதில்: மாற்ற வேண்டாம். நன்றாகப் பயின்ற பிள்ளைகளிடம்தான் இந்தத் தடுமாற்றத்தை அதிகம் பார்க்கிறேன். பிசகினால் உடனே திருத்து என்று கேட்டே வளர்ந்த காது அவனுடையது. அரைகுறையாக ஒலிப்பதைக் கொஞ்ச நேரம்கூட அதனால் பொறுக்க முடிவதில்லை. நண்பனுக்கு அந்தக் காது இன்னும் வரவில்லை; அதனால் துணிகிறான்.

முதலில் கணினியை மூடிவிட்டு வயலினை எடுக்கட்டும். மோகனம் போதும். ஆதி தாளம், ஓர் ஆவர்த்தனத்துக்குள் கற்பனை ஸ்வரம். முதல் நாள் ச, ரி, க மூன்றே சுரம். ஃபோனில் பதிவு ஓடட்டும். கால் மணி நேரம் நிறுத்தாமல் வாசிக்க வேண்டும், அன்றைக்குத் திரும்பக் கேட்கக் கூடாது. மறுநாள் கேட்டு, பிடித்த இரண்டு துண்டுகளை மட்டும் எடுத்து வைக்கட்டும். மனோதர்மத்தில் தானாக வந்ததைப் பிடித்து வைப்பதில்தான் இசையமைப்பு தொடங்குகிறது. திருத்துவது அதற்கு அப்புறம்.

"கார்டு போடத் தெரியாதே" என்பான். மோகனத்தில் ச, க, ப சேர்ந்தால் மேஜர் கார்டு; த, ச, க சேர்ந்தால் மைனர் கார்டு. ராகத்துக்கு வெளியே ஒரு சுரமும் தொடாமல் இரண்டு கார்டு கையில் இருக்கிறது. அந்த நண்பன் இவற்றை மாற்றி மாற்றி மீட்டட்டும், உங்கள் மகன் மேலே ஸ்வரம் வாசிக்கட்டும். பதின்ம வயதில் ஆசிரியர் போடும் மதிப்பெண்ணைவிட, பாதியில் நிற்கும் ஒன்றை வகுப்பு முழுக்கக் கேட்டுச் சிரித்துவிடுமோ என்பதுதான் பெரிய பயம். ஒரே ஒரு தோழன் முன்னால் அந்தப் பயம் பாதியாகக் குறையும். சமர்ப்பிக்கும் படைப்பு மட்டும் அவனுடையதாகவே இருக்க வேண்டும்.

இசையமைப்புக்கு மொத்த மதிப்பெண்ணில் 30 சதவீதம். இரண்டு படைப்புகள், இரண்டும் சேர்ந்து குறைந்தது 3 நிமிடம். ஒன்று தேர்வு வாரியம் தரும் தலைப்புக்கு, மற்றது அவன் விருப்பம். அதை ராகத்திலேயே அமைக்கலாம். கமகத்தை ஸ்டாஃப் நொட்டேஷனில் எழுதப் போராட வேண்டாம். ஒலிப்பதிவோடு எழுத்து விளக்கம் கொடுக்க வழி இருக்கிறது. எந்த வடிவில் வேண்டும் என்று ஆசிரியரிடம் இப்போதே கேட்டுவிடட்டும். 1988-ல் நடந்த முதல் ஜிசிஎஸ்இ தேர்விலிருந்தே இசையமைப்பு இந்தப் பாடத்தில் உண்டு. மேதைகளுக்கென்று வைத்த பகுதி இல்லை அது, பாடம் எடுக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் உரியது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அவன் வாசித்துக் காட்டினால், சுருதி சேரவில்லையே என்று ஆரம்பிக்காதீர்கள். எந்த இடம் அவனுக்குப் பிடித்திருக்கிறது என்று கேளுங்கள். அந்த இடத்தை மட்டும் இன்னொரு முறை வாசிக்கச் சொல்லுங்கள்.